நடுராத்திரிப் பல்வலி, கையில் பணம் குறைவு: எதை எப்போது செய்வது?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பட்டியலில் பல்வலியை ஏன் சேர்க்காமல் விட்டார்கள் என்று எனக்கு ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தோன்றியது. கீழ்த் தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று, இதயத் துடிப்புக்குத் தாளம் போடுவதுபோல விண் விண்ணென்று தெறித்தது. மாதக் கடைசி. மருத்துவரிடம் போனால் எவ்வளவு கேட்பாரோ என்ற பயத்தில் மூன்று நாள் மாத்திரையில் ஓட்டினேன். நான்காம் நாள் வலி தானாகவே நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகுதான், வலி நின்றது பல் குணமானதால் அல்ல, பல் உள்ளே செத்துப்போனதால் என்று தெரிந்தது. முதல் வாரமே போயிருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். கடைசியில் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டுரை முதல்முறையாக இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கானது. பணம் குறைவாக இருக்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த வலி காத்திருக்கும், எந்த வலி காத்திருக்காது என்பதுதான். அதைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

முதல் வேலை: இது உயிர்ப் பிரச்சினையா?

மாத்திரை, கிராம்புத் தைலம் எல்லாம் அப்புறம். முதலில் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். வீக்கம் கண்ணை நோக்கி ஏறுகிறதா, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறதா? வாயைத் திறந்து இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடியவில்லையா? எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறதா? நாக்கு மேலே தூக்கியதுபோல இருக்கிறதா? பேச்சு குழறுகிறதா? மூச்சு விட சிரமமா? நடுக்கத்தோடு காய்ச்சலா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். செலவைப் பற்றி யோசிக்கும் நேரம் இது இல்லை.

காரணம் இதுதான். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள இடைவெளிகளில் பரவினால், நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழாய் அடைபடலாம். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்.

இன்னும் இரண்டு விஷயம். அடிபட்டு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்புபோலச் சேரவில்லை என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். நடக்கும்போது கூடி, உட்கார்ந்தால் குறையும் தாடை வலியோடு நெஞ்சில் அழுத்தமோ வியர்வையோ இருந்தால் அது பல்லே அல்ல, இதயமாக இருக்கலாம். இரண்டுக்குமே மருத்துவமனைதான்.

இவை எதுவும் இல்லையா? சரி, இனி நிதானமாக யோசிக்கலாம்.

வலியின் குணத்தை வைத்துப் பல்லின் நிலையை ஊகிப்பது

பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதில் மட்டும் சொத்தை இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு அடுத்த அடுக்கை எட்டும்போதுதான் குளிர்ந்ததும் இனிப்பும் பட்டால் சுரீர் என்கிறது. அந்தச் சுரீர் சில நொடியில் அடங்கிவிட்டால் நல்ல செய்தி: நடுவில் உள்ள நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த திசு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் போதும். பல் வைத்தியத்தில் செலவு குறைந்த கட்டம் இதுதான். ஆனால் வலி அதிகம் இல்லாததால் இந்தக் கட்டத்தில் யாரும் போவதில்லை. நானும் போகவில்லை.

அடுத்த கட்டத்தில், குளிர்ச்சி போன பிறகும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். சூடு பட்டால் வலி கூடும். ஒன்றும் படாமலேயே வலிக்கும், ராத்திரியில் எழுப்பும். எந்தப் பல் என்றே சொல்ல முடியாமல் காது வரைக்கும் இழுக்கும். உள்ளே இருக்கும் திசு வீங்குகிறது. ஆனால் சுற்றிலும் கல் போன்ற சுவர். வீங்க இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அழுத்தம் இன்னும் ஏறும். பல்வலி ராத்திரியில் கூடுவது இதனால்தான். இந்த நிலையில் வெறும் அடைப்பு போதாமல் போகலாம். வேர் சிகிச்சை (பல்லுக்குள் இருக்கும் திசுவை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ‘ரூட் கெனால்’) அல்லது பிடுங்குதல் என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

அதற்கும் அடுத்தது, வலி திடீரென நிற்பது. நரம்பு செத்துவிட்டது. இனி கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். கொஞ்ச நாள் கழித்து மெல்லும்போது அந்தப் பல் மட்டும் உயரமாக முட்டுவதுபோல வலிக்கும். ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து சீழ் கசியும். சீழ் வெளியேற வழி கிடைத்ததும் வலி குறைந்துவிடும். அதையும் குணம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல் எல்லாம் சரியாக இருந்தும் கடைசிக் கடைவாய்க்குப் பின்னால் ஈறு வீங்கி, வாய் திறக்கவே வலித்தால் அது பாதி முளைத்த ஞானப்பல்லாக இருக்கலாம். ஈறு மடிப்புக்குள் உணவுத் துணுக்கு சிக்கியிருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் அடிக்கடி கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தமாக வைத்தால் பல நேரம் அடங்கும். திரும்பத் திரும்ப வந்தால்தான் பல்லை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

விடியும்வரை தாக்குப்பிடிப்பது

பல்வலிக்கு முதல் மருந்து வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் இபுபுரோஃபென். பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. அதோடு 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்த்து எடுக்கலாம். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால், தனித்தனியாக எடுப்பதைவிடச் சேர்த்து எடுக்கும்போது வலி நன்றாகக் கேட்கும். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் பல்வலிக்கு முதலில் சொல்வது இந்த வகை மாத்திரைகளைத்தான், மயக்கம் தரும் கடும் வலி மருந்துகளை அல்ல. இரண்டுமே மலிவானவை. விலை கூடிய பிராண்டுக்குப் பதில் அதே மருந்தின் பொதுப்பெயர் மாத்திரையைக் கேளுங்கள், வேலை ஒன்றுதான்.

அளவில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் எடுக்கும்போது இபுபுரோஃபென் ஒரு நாளில் 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 400 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை. பாராசிட்டமாலின் உச்ச வரம்பு 4000 மில்லிகிராம். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: சில மாத்திரைகளில் இந்த இரண்டும் ஏற்கெனவே கலந்திருக்கும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். வலி தாங்காமல் மூன்று பெயரில் ஒரே மருந்தை விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இந்த வகை மருந்தால் மூச்சிரைப்பு வந்த அனுபவம், கர்ப்பம், டெங்கு சந்தேகம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் இபுபுரோஃபென் வேண்டாம். பாராசிட்டமால் மட்டும் போதும். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. மருந்துக் கடையில் எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

வெளிப்பக்கமாகக் கன்னத்தில், துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். சூடு ஒத்தடம் சுகமாக இருக்கும், ஆனால் சீழ் வீக்கத்துக்கு ஆகாது. தலையணையை இரண்டாக வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். பல்லிடுக்கில் ஏதாவது சிக்கியிருந்தால் பல் நூலால் எடுத்துப் பாருங்கள். கொய்யா விதையோ மக்காச்சோளத் தோலோ மாதிரி ஒரு துணுக்கு ஈறில் குத்திக்கொண்டு, பெரிய நோய்போல நடித்துக்கொண்டிருக்கும். அது வெளியே வந்த நிமிடமே வலி போய்விடும். செலவே இல்லாத வைத்தியம் அதுதான்.

கிராம்புத் தைலம் வேலை செய்யும், பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு சொட்டுப் பஞ்சில் எடுத்துச் சொத்தைக் குழியில் மட்டும் ஒற்ற வேண்டும். ஈறில் தாராளமாகத் தடவினால் வெந்துபோகும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். அதேபோல ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல் பக்கத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது அமிலம். வலி போகாது, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக வெந்துபோகும், அவ்வளவுதான். மரக்கச் செய்யும் பென்ஸோகெய்ன் களிம்பை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்? அதைத் தொடாதீர்கள். நரம்பு வீங்கிய வலிக்கு அது ஒன்றுமே செய்யாது. செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேரவும் வழியில்லை. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பல்லுக்கான சிகிச்சை உடனே கிடைக்கும் இடத்தில், பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் தேவை, அதுவும் சிகிச்சையோடு சேர்த்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிபயாட்டிக் வாங்கி ஒரே பல்லை அடக்கிக்கொண்டிருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பணத்துக்குப் பல்லையே எடுத்திருக்கலாம்.

பல் விழுந்துவிட்டால், நிமிடக் கணக்கு

அடிபட்டு நிரந்தரப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்ப அதே குழியில் நட முடியும். பலருக்கு இது தெரியாது, பல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உயிர்த் திசுதான் பல்லை மறுபடி எலும்போடு பிணைக்கும். காற்றில் உலர விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அது செத்துவிடும். முதல் 15 நிமிடத்துக்குள் நட்டால் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும்.

எனவே பல்லை மேல்பகுதியில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொட வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, அது இல்லையென்றால் சுத்தமான நீரிலோ ஒரு பத்து நொடி அலசுங்கள். தேய்க்கக் கூடாது, சோப்பு கூடாது, டிஷ்யூவில் சுற்றவும் கூடாது. பக்கத்துப் பல்லைப் பார்த்து, முன்பக்கம் முன்னால் வரும்படி குழிக்குள் மெதுவாக அழுத்தி, சுத்தமான துணியைக் கடித்தபடி பல் மருத்துவரிடம் ஓடுங்கள். கை நடுங்குகிறது, நட முடியவில்லை என்றால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பால் இல்லையா, அடிபட்டவரையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி, அந்த எச்சிலில் போடுங்கள். நினைவு தெளிவாக உள்ள பெரியவர் என்றால் கன்னத்துக்குள் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். வெறும் தண்ணீரில் ஊறப் போடுவது மட்டும் வேண்டாம். தண்ணீர் அந்த உயிரணுக்களை ஊதி வெடிக்க வைத்துவிடும்.

மருத்துவர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறக்குறைய இரண்டு வாரம் கட்டிவைப்பார். பிறகு பெரும்பாலும் வேர் சிகிச்சையும் வேண்டியிருக்கும். செலவுதான். ஆனால் முன்பல் ஒன்று போய், அதற்குச் செயற்கைப் பல் பொருத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னது.

குழந்தையின் பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப நடவே கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லை அது கெடுத்துவிடலாம். நிரந்தர முன்பற்கள் ஏறக்குறைய ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் முளைக்கின்றன. அந்த வயதில் எந்தப் பல் என்று சந்தேகமாக இருந்தால் நடாமல் பாலில் போட்டு எடுத்துப் போய், மருத்துவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

உடைந்தது துண்டு மட்டும் என்றால் அந்தத் துண்டையும் ஈரத்தில் வைத்து எடுத்துப் போங்கள், சில நேரம் அதையே ஒட்டிவிடுவார்கள். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே போக வேண்டும். தெரியாவிட்டால் ஓரிரு நாள் தாங்கும். துண்டைக் காணவே இல்லை, இருமல் நிற்கவில்லை என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். மருத்துவமனையில் சொல்லுங்கள்.

கேப் கழன்றது, அடைப்பு விழுந்தது

இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கேப் என்பது பல்லின்மேல் மாட்டிய செயற்கை உறை. கழன்ற கேப்பைக் கழுவிப் பத்திரமாக வையுங்கள். உடையாமல் இருந்தால் மருத்துவர் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். புதுசு செய்யும் செலவு மிச்சம். அதுவரை மருந்துக் கடைகளில் கிடைக்கும் தற்காலிகப் பல் சிமென்ட் கொஞ்சம் தடவி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒட்டும் அந்த உடனடிப் பசை மட்டும் கூடவே கூடாது. அது திசுவை எரிக்கும், தப்பான கோணத்தில் இறுகிக்கொண்டால் கேப்பையே உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தளர்வாக இருக்கும் கேப்போடு தூங்காதீர்கள், தொண்டைக்குள் போய்விடும்.

அடைப்பு விழுந்த குழிக்கும் அதேபோலத் தற்காலிக அடைப்புப் பசை உண்டு. குழியைக் கொப்பளித்துச் சுத்தம் செய்து, ஈரம் ஒற்றி, பசையை அடைத்து, மெல்லக் கடித்துப் படிய வையுங்கள். எச்சில் பட்டே இறுகும். ஆனால் அந்தப் பல்லில் வீக்கமோ சீழோ இருந்தால் அடைக்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தை இறுக்கி மூடிய கதையாகிவிடும்.

பல் பிடுங்கிய பிறகு

மருத்துவர் வைத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். ரத்தம் நிற்கவில்லையா, புதுப் பஞ்சை நனைத்துப் பிழிந்து வைத்து இன்னும் அரை மணி நேரம் கடியுங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் வாய் நிறைய ரத்தம் வந்துகொண்டிருந்தால் மருத்துவமனை. முதல் நாள் கொப்பளிக்கவும் வேண்டாம், வேகமாகத் துப்பவும் வேண்டாம், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் வேண்டாம், புகைக்கவே வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் அந்தப் புண்ணுக்குக் கட்டு. அது பிடுங்கிக்கொண்டு போனால், இரண்டு மூன்று நாள் கழித்து எலும்பு தெரியும் வெறுங்குழியில் காது வரை இழுக்கும் வலி வரும். அதற்கு மருந்து வைத்த கட்டு போட்டுவிடுவார்கள், பெரிய செலவில்லை, ஆனால் அந்த வலியை எதிரிக்கும் வேண்ட மாட்டீர்கள்.

பணத்தை எப்படிச் சமாளிப்பது

முதலில், பரிசோதனையையும் எக்ஸ்ரேயையும் மிச்சம் பிடிக்காதீர்கள். வேறு எங்கே வேண்டுமானாலும் பிடியுங்கள். என்ன நோய் என்று தெரியாமல் வாங்கும் மருந்துகளில்தான் பணம் கரைகிறது.

எங்கே போவது? பல் மருத்துவக் கல்லூரிகளின் வெளிநோயாளர் பிரிவில் கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிட நன்றாகவே குறைவு. மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்து ஒப்புக்கொள்வார். இரண்டு பேர் பார்ப்பது ஒருவிதத்தில் நல்லதுதான். ஆனால் நேரம் பிடிக்கும். ஒரே சந்திப்பில் முடிவது அங்கே மூன்று சந்திப்பு ஆகலாம். வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் என்பவர்கள் அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருந்தால் வலிக்கும் பல்லைப் பிடுங்குவது, சீழ் எடுப்பது போன்ற அவசரங்களுக்கு அதுவே போதும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் கிளினிக்குகளையும் விசாரியுங்கள்.

தனியாரிடம் போவதென்றால் முன்கூட்டியே போன் செய்து, வெட்கப்படாமல், நேராகக் கேளுங்கள். “டாக்டர், என்னிடம் இப்போது இவ்வளவுதான் இருக்கிறது. இன்றைக்கு வலியும் சீழும் அடங்க என்ன செய்யலாம், மீதியை எப்போது செய்யலாம்?” இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் மருத்துவரைவிட்டு வேறு ஒருவரைத் தேடலாம். ஏனென்றால் இதற்கு நேர்மையான பதில் உண்டு. வேர் சிகிச்சை முழுவதையும் அன்றே முடிக்க வேண்டியதில்லை. பல்லைத் திறந்து, உள்ளே வீங்கிய திசுவை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாலே வலி பெரும்பாலும் போய்விடும். மீதியை அடுத்த சம்பளத்துக்குப் பிறகு தொடரலாம்.

எழுத்தில் கேளுங்கள்: உடனே வேண்டியது எது, ஒரு மாதத்துக்குள் எது, காத்திருக்கக்கூடியது எது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. எக்ஸ்ரேயின் பிரதியை உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும்போது திரும்ப எடுக்கும் செலவு மிச்சமாகும். தவணையில் கட்டலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இனி பலரும் தடுமாறும் இடம். வேர் சிகிச்சையா, பிடுங்குவதா? முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்கால்வாய்தான், சிகிச்சை எளிது, செலவும் குறைவு. கடைவாய்ப் பல்லில் மூன்று நான்கு கால்வாய்கள், வேலை அதிகம். மேலே கேப்பும் போட வேண்டும், போடாவிட்டால் மெல்லும் அழுத்தத்தில் பல் பிளக்கும். கேப்புக்குப் பணம் வருமா என்று யோசிக்காமல் கடைவாய்க்கு வேர் சிகிச்சை தொடங்குவது பாதிக் கிணறு தாண்டுவது மாதிரி. பிடுங்கினால் அன்றைக்குச் செலவு குறைவு. ஆனால் காலப்போக்கில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் அந்த இடைவெளியை நோக்கி நீளும், மெல்லும் திறன் குறையும். என் கருத்து இது: முன்பல்லையும், மெல்லுவதற்கு முக்கியமான முதல் கடைவாய்ப் பல்லையும் முடிந்தவரை காப்பாற்றுங்கள். ஞானப்பல் என்றால் பிடுங்கத் தயங்கவே வேண்டாம். நடுவில் இருப்பவற்றுக்கு உங்கள் பணமும் மருத்துவரின் மதிப்பீடும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பணமில்லாததால் ஒரு பல்லைப் பிடுங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. சீழோடு வருஷக்கணக்கில் வைத்திருப்பதைவிட அது நல்லது.

இன்னும் வலிக்காத சொத்தைகளுக்கு மலிவான வழிகளும் உண்டு. கண்ணாடி அயனோமர் என்ற சிமென்ட்டைக் கொண்டு, மின் டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை ஒன்று. 1980களில் டான்சானியாவில் மின்சாரம் இல்லாத இடங்களுக்காக உருவாகி, பின்னர் உலகமெங்கும் பரவியது. வெள்ளி டைஅமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவி, அது பரவுவதை நிறுத்துவது இன்னொன்று. தடவிய இடம் கறுத்துப்போகும், அதனால் முன்பல்லுக்கு யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் கடைவாய்க்கும் பால் பல்லுக்கும் நல்லது. இந்தச் சிமென்ட்டையும் திரவத்தையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இரவில் எழுப்பும் வலி தொடங்கிய பல்லுக்கு இவை உதவாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும் சின்னச் சொத்தைகளுக்கு உதவும். அதே சந்திப்பில் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அவசியம் சொல்லுங்கள், பிடுங்கிய இடம் ஆறுவதில் அது சிக்கல் தரலாம். கர்ப்பிணிகள் “இப்போது வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம்” என்று சீழ் வைத்த பல்லோடு காத்திருக்க வேண்டாம். மரக்கச் செய்யும் ஊசியும் பல் எக்ஸ்ரேயும் உரிய கவனத்தோடு கர்ப்ப காலத்திலும் செய்யக்கூடியவைதான்.

கடைசியாக ஒரு சின்ன டப்பா. அதில் தற்காலிக அடைப்புப் பசை ஒன்று, கிராம்புத் தைலம், பஞ்சு, பல் நூல், ஓர் அட்டை வலி மாத்திரை. மூடியின் உள்பக்கம் அருகிலுள்ள பல் மருத்துவப் பிரிவின் வேலை நேரம். தற்காலிக அடைப்பு ஏதாவது போட்டிருந்தால், போட்ட தேதியை அதற்குக் கீழேயே எழுதி வையுங்கள். அது சில வாரங்களுக்குத்தான். என் வாயில் ஒன்று ஏழு மாதம் இருந்தது.